ஆரல் விலாங்கன்று

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த பொருள் 'சங்கப் பாடல்களில் நீர்வாழ் உயிரினங்கள்' என்பது. அதைத் தொடங்குமுன் இவ்வவையில் நான் தீர்க்கவேண்டிய பழைய கடன் ஒன்றுண்டு. அதைத் தீர்ப்பதிலேயே எனக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் சென்றுவிடக்கூடும். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், மாதக் கூட்டம் ஒன்றில் நான் படித்த கட்டுரை உங்களுள் சிலர்க்கு நினைவிருக்கலாம். குறுந்தொகையின் 25ஆம் பாட்டைப் பற்றியது அது. தலைவியின் களவு மணத்திற்குச் சான்றாக நின்றது ஒரு குருகு. அக்குருகின் கண்ணோ ஆரல்மீன்மேல் இருந்தது என்பது கபிலர் பாட்டின் செய்தி. ஆரலுக்கு விளக்கம் எழுதப் புகுந்த நான், 'விலாங்கின் ஓரினம். உருவிற் சிறியது' என்று எழுதினேன். நீண்டு உருண்ட உடல், வழுக்கும் தோல், சேற்றில் நெளிந்து மறையும் இயல்பு ஆகிய மூன்றையும் காரணமாகக் காட்டினேன். அவையோர் கைதட்டினர். என் மாணவியர் பல ஆண்டுகள் அதையே தேர்விலும் எழுதி மதிப்பெண் பெற்றனர்.

இதோடு நின்றிருந்தால் கடன் என்று சொல்லியிருக்கமாட்டேன். நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர், இப்போதும் இவ்வவையில் அமர்ந்திருப்பவர், என் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு கவிதை எழுதினார். ஆரலும் விலாங்கும் ஒருதாய் மக்களாகிய அக்காள் தங்கையர். அக்காள் கடல்தேடிப் போகிறாள், தங்கை வயற்காலிலேயே தங்கிவிடுகிறாள் என்பது அதன் கருத்து. விலாங்கு முட்டையிடுவதற்கு ஆற்றைவிட்டுக் கடலுக்குச் செல்வது என்பது உண்மை. கவிதையும் நல்ல கவிதை. ஆனால் அது ஊன்றிநிற்கும் உறவு பொய். அந்தப் பொய்யை அவர் கையில் கொடுத்தவள் நான்.

எப்படி அறிந்தேன் என்பதைச் சொல்கிறேன். எங்கள் கல்லூரி விலங்கியல் துறைப் பேராசிரியை ஒருநாள் என்னை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்தார். மேசைமேல் ஒரு தட்டில் ஆரலும் விலாங்கும் அருகருகே கிடந்தன. "முதுகைத் தடவிப் பாருங்கள்" என்றார். விலாங்கின் முதுகு வழுவழுவென்றிருந்தது. ஆரலின் முதுகில் விரலை வால்பக்கமிருந்து தலைநோக்கி நகர்த்தியபோது குத்திற்று. தனித்தனிக் குறுமுட்கள் ரம்பப்பல் போல் வரிசையாக நின்றன. ஆரலை ஆய்ந்து குழம்பு வைத்த எந்தப் பெண்ணும், என் தாயார் உட்பட, இதை அறிவார். மீனை ஆய்வதும் ஆய்வுதானே! நானோ ஏட்டில் மட்டுமே ஆரலைக் கண்டு ஆய்வுப்பட்டம் பெற்றவள்.

"முள் வெளியில் தெரிவது. உள்ளே இன்னும் பெரிய வேறுபாடு இருக்கிறது" என்றார் அவர். விலாங்கின் மேல்தாடை முன்னெலும்பு மண்டையோட்டின் முன்பகுதி எலும்புகளோடு ஒட்டி ஒன்றாகிவிட்டது. ஆரலில் அது தனி எலும்பாகவே இருக்கிறது. டிராவர்ஸ் என்ற அறிஞர் ஆரல் குடும்பத்து மீன்களின் எலும்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1984இல் இரண்டு பகுதிகளாக எழுதினார். ஆரலின் சுற்றம் விலாங்குகளிடம் இல்லை, சேற்றில் வாழும் வேறொரு பாம்புருவ மீன்கூட்டத்திடம் இருக்கிறது என்பது அவர் முடிபு. அவருக்குப் பின், 2000ஆம் ஆண்டினைத் தொடர்ந்து வந்த மரபணு ஆய்வுகள் இன்னும் ஒருபடி சென்றன. ஆரலுக்கு நெருங்கிய உறவினர் வரிசையில் அவை காட்டுவது யாரைத் தெரியுமா? விராலையும் பனையேறியையும்! பருத்த தலையும் செதிலும் கொண்ட விரால் எங்கே, கூர்மூக்கு ஆரல் எங்கே என்று நாம் கேட்போம். நம் கண் கேட்கும் கேள்வி அது.

ஒப்புமை வேறு, உறவு வேறு என்பதை அன்று அத்தட்டின்முன் நின்றுதான் உணர்ந்தேன். அதன்பின் ஓராண்டுக் காலம், தமிழ் நூல்களைச் சற்று ஒதுக்கிவைத்து, மீன்களின் எலும்பைப் பற்றிப் படித்தேன். படித்தவற்றுள் சில கவிஞர்களுக்கு வேண்டியவை என்று தோன்றுவதால் சொல்கிறேன்.

முதலில், ஒரு சிறு மீனின் எலும்பை எப்படிப் பார்க்கிறார்கள்? வேகவைத்துச் சதையை நீக்கினால் எலும்புகள் உதிர்ந்து எது எங்கிருந்தது என்பதே தெரியாமற்போகும். அயிரை போன்ற மீனில் மண்டையோட்டு எலும்பு சில மணல்துகள் அளவினது. எனவே வேறு வழி கண்டார்கள். மீனைப் பதப்படுத்தி, தோலும் குடலும் நீக்கி, நீலச்சாயம் ஒன்றில் ஊறவைக்கிறார்கள். குருத்தெலும்பு அந்நீலத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு, உணவைச் செரிக்கச் செய்யும் டிரிப்சின் என்னும் நொதியில் இடுகிறார்கள். தசை மெல்ல மெல்லக் கண்ணாடிபோலத் தெளிகிறது. அடுத்து அலிசரின் என்ற செஞ்சாயம்; அது சுண்ணச்சத்தைப் பற்றுமாதலால் எலும்பு மட்டும் சிவக்கிறது. இறுதியில் கிளிசரினில் இட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தது ஓர் அயிரை. சதை இருக்கிறது, தெரியவில்லை. எலும்புகள் யாவும் இருந்த இடத்திலேயே செவ்வரி நீலவரியாக நிற்கின்றன. விரற்கடை நீளமுள்ள அந்த உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

அலிசரின் என்ற பெயரைக் கேட்டதும் அயல்நாட்டுச் சரக்கு என்றுதான் நினைத்தேன். இன்று ஆய்வுக்கூடங்களில் இருப்பது செயற்கையாய்ச் செய்ததே. கிரேபே, லீபர்மன் என்ற ஜெர்மானிய வேதியியலார் இருவர் 1868இல் அதைச் செய்துகாட்டினர். ஆனால் அதே பொருள் நம் கடற்கரை மணலில் விளையும் இம்பூறலின் வேரில் இருக்கிறது. சாயவேர் என்று நாம் அழைத்தது அதைத்தான். சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்புக்கு அவ்வேரே ஊற்று. செயற்கைச் சாயம் வந்தபின் அத்தொழில் நலிந்தது தனிக்கதை. இன்று அதற்கு நேரமில்லை.

இனி, எலும்பு எப்படி உறவைச் சொல்கிறது என்பதற்கு வருவோம். ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். இது என் பிழையன்று, என்னினும் மிகப் பெரியவர் ஒருவருடையது.

ஜெர்மனியில் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் என்ற உடற்கூற்றியல் அறிஞர் இருந்தார். மனிதரும் விலங்குகளும் எவ்வாறு கேட்கின்றனர் என்பதைப் பற்றி 1820இல் இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். கெண்டை இன மீன்களை அறுத்து நோக்கியபோது அவர் ஒன்று கண்டார். தலையை ஒட்டிய முள்ளெலும்புகளின் இருபுறமும் சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலிபோல் தொடர்ந்து நின்றன. சங்கிலியின் ஒருமுனை காற்றுப்பையைத் தொட்டது. மறுமுனை உட்செவியை எட்டியது. நீரில் வரும் ஒலி காற்றுப்பையை அதிரச்செய்கிறது. அவ்வதிர்வைச் சிற்றெலும்புகள் கைமாற்றிக் கைமாற்றிச் செவிக்குச் சேர்க்கின்றன. மீனின் வயிறே அதற்குச் செவிப்பறை என்று சொல்லலாம். இந்த அமைப்பினால் கெண்டைகள் மற்ற மீன்கள் பலவற்றினும் மென்மையான ஒலியையும் உயர்ந்த சுருதியையும் கேட்கின்றன. கரையில் நடப்பவன் அடியோசைக்குக் கெண்டைக்கூட்டம் சிதறுவதில் இச்சிற்றெலும்புகளுக்கும் பங்குண்டு.

வேபர் கண்டது மெய். பெயர் வைக்கும்போதுதான் தவறினார். மனிதச் செவியிலும் மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. சுத்தி, பட்டடை, அங்கவடி என்பன அவை. அவையும் அதிர்வை உட்செவிக்குக் கொண்டுசெல்கின்றன. தொழில் ஒன்று, அளவும் ஒத்திருக்கிறது; ஆகவே மீனின் எலும்புகளும் அவையே என்று கருதி அதே பெயர்களை இட்டுவிட்டார். 1837இல் ரைஹெர்ட் என்ற மற்றொரு ஜெர்மானியர், நம் சுத்தியும் பட்டடையும் பழைய தாடை மூட்டின் எலும்புகளிலிருந்து வந்தவை என்று கருவளர்ச்சியைக் கொண்டு நிறுவினார். மீனின் செவிச் சிற்றெலும்புகளோ முள்ளெலும்புகளின் பகுதிகளும் விலா எலும்பும் உருமாறி வந்தவை. தாடையிலிருந்து வந்தது ஒன்று, முதுகிலிருந்து வந்தது மற்றொன்று. இரண்டும் ஒரே வேலைக்கு வந்துசேர்ந்த வேற்றூரார். பின்வந்தோர் வேபரின் பெயர்களை நீக்கி வேறு பெயர் இட்டனர். ஆனால் அமைப்பு முழுவதற்கும் அவர் பெயரே இன்றுவரை வழங்குகிறது. ஒப்புமையால் ஏமாந்தவரின் பெயரை அவர் கண்டுபிடித்த பொருளுக்கே சூட்டிய அறிவியலாரின் பெருந்தன்மையை நான் மெச்சுகிறேன்.

அதே சிற்றெலும்புகள்தாம் பிறகு மெய்யான உறவைக் காட்டின. கெண்டையில் உள்ள அவ்வமைப்பு வேறு எங்கெல்லாம் உண்டு என்று தேடினர். கெளுத்தியில் இருந்தது. தேளியிலும் ஆற்று வாளையிலும் அயிரையிலும் இருந்தது. செதிலுள்ள கெண்டைக்கும் செதிலற்ற கெளுத்திக்கும் வெளியே என்ன ஒற்றுமை? ஒன்றுமில்லை. உள்ளே, தலையை அடுத்த முதல் நான்கைந்து முள்ளெலும்புகளில், இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன. 1885இல் சாகமெல் என்பவர் இம்மீன்கள் யாவற்றையும் ஒரு குலமாக்கி, 'சிற்றெலும்பு', 'காற்றுப்பை' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆஸ்டேரியோஃபைசி என்று பெயரிட்டார். உலகின் நன்னீர் மீன் இனங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தக் குலத்தினதே.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். எலும்பு ஒத்திருந்தால் உறவு என்றால், எல்லா மீனுக்கும்தான் முதுகெலும்பு இருக்கிறது; ஆரலுக்கும் விலாங்குக்கும் இருக்கிறது. எந்த ஒற்றுமையைக் கொள்வது, எதைத் தள்ளுவது? வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியர், ஈக்களை ஆராய்ந்தவர், இக்கேள்விக்கு விடையாக 1950இல் ஒரு நூல் எழுதினார்; 1966இல் அது ஆங்கிலத்தில் வந்தபின் உலகெங்கும் பரவிற்று. அவர் சொன்னது சுருக்கமாக இது: பழமையைப் பேணியதில் உள்ள ஒற்றுமை உறவைக் காட்டாது; புதிதாக மாறியதில் உள்ள ஒற்றுமையே காட்டும்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பைவிட மகிழ்ச்சியே மிகுந்தது. ஏனெனில் இது நமக்குத் தெரிந்த முறை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கினார் என்பதை அறிவீர்கள். ஏடுகளின் வழிமுறையைக் காண்பது எப்படி? இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்திருப்பது எதையும் மெய்ப்பிக்காது. மூலத்தில் இருந்ததை இருவரும் ஒழுங்காகப் பெயர்த்தெழுதினர், அவ்வளவுதான். ஆனால் இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே சொல் பிழைபட்டிருந்தால்? அப்பிழையை முதலில் செய்த ஏடு ஒன்று இருந்தது, இவ்விரண்டும் அதன் மக்கள் என்று கொள்கிறோம். முதுகெலும்பு உடைமை, சரியான பாடம். முன்னெலும்புகள் செவிக்கருவியாய் மாறியமை, பொதுப்பிழை. எழுதுகிறவன் கை, பழைய பாடத்தைவிட்டு விலகிய அந்த ஓரிடத்தில்தான் குலவரலாறு பதிந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. தொடர்பே இல்லாத இரண்டு எழுத்தர்கள் தனித்தனியே ஒரே பிழையைச் செய்வதும் உண்டு. ஈற்றுச்சொல் ஒத்த இரண்டு அடிகளுக்கு இடையே கண் தாவி ஓரடி விடுபடுவது அத்தகையது. ஆரலும் விலாங்கும் பாம்புருவம் கொண்டது அப்படிப்பட்ட பிழை. சேற்றிலும் கல்லிடுக்கிலும் வாழ வந்த மீன்கள் பல, தனித்தனியே நீண்டு மெலிந்திருக்கின்றன. உடலின் வடிவை நம்பாதே, மாறுவதற்கு அரிய சிற்றிடங்களைப் பார் என்பது எலும்பு ஆய்வாளர் வழக்கு.

அயிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயருகே மீசை உண்டு, கெளுத்திக்கும் உண்டு. கண் இவ்விரண்டையும் சேர்க்கும். எலும்போ அயிரையைக் கெண்டையோடு சேர்க்கிறது. இரண்டின் மூக்கு நுனியிலும், மேல்தாடைக்குப் பின்னே, தனியே ஒரு சிற்றெலும்பு நிற்கிறது. வாயை முன்னே நீட்டி இரையை உறிஞ்ச அது துணை. கெண்டை வரிசை மீன்களுக்கன்றி வேறெதற்கும் அது இல்லை; கெளுத்திக்கு இல்லவே இல்லை.

பால்கெண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். கடலிலும் உப்பங்கழியிலும் வாழும் வெள்ளிநிற மீன் அது. செவிச் சிற்றெலும்புச் சங்கிலி அதற்கு இல்லை. எனினும் அதன் முன் முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும் ஓரளவு மாறத் தொடங்கியிருப்பதைக் கண்டு, ரோசன், கிரீன்வுட் என்ற இருவர் 1970இல் அதன் கூட்டத்தையும் இக்குலத்தின் வாயிலிலே சேர்த்தனர். கெண்டை என்று நம் மக்கள் அழைத்தது கெண்டைக்குத் தூரத்து உறவாகவே அமைந்துவிட்டது. உடனே 'எலும்பியலை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று கட்டுரை எழுதப் புறப்படும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜிலேபிக் கெண்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்நாட்டிற்கு வந்த அம்மீனுக்கும் கெண்டைக்கும் எலும்பில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பனையேறிக் கெண்டை என்கிறோமே, அதுவும் கெண்டையன்று. பெயர் வைத்தவர்கள் உருவத்தைப் பார்த்து வைத்தார்கள். அது அவர்கள் குற்றமுமன்று.

விலாங்கு என்று பெயர் சுமந்து விலாங்கல்லாத மற்றொன்று தென் அமெரிக்காவில் இருக்கிறது. அமேசான், ஒரினோகோ ஆறுகளில் வாழும் மின்விலாங்கு. ஆளையே வீழ்த்தும் மின்னதிர்ச்சி தருவது. அதன் தலைக்குப் பின்னே வேபரின் சிற்றெலும்புகள் இருக்கின்றன. ஆதலால் அது விலாங்கன்று, கெண்டை கெளுத்திகளின் குலம் என்பது முன்பே தெளிந்தது. குலத்திற்குள் யாருக்கு நெருக்கம்? நெடுங்காலம், பிரானா முதலிய தென் அமெரிக்க மீன்களின் கிளை என்றே கருதினர். 1981இல் சாரா ஃபிங்க், வில்லியம் ஃபிங்க் ஆகிய இருவர் இக்குலம் முழுவதன் எலும்புகளையும் ஹென்னிக் முறைப்படி கூறு கூறாக ஒப்பிட்டு ஒரு குலமரம் வரைந்தனர். அம்மரத்தில் மின்விலாங்கின் கூட்டம் கெளுத்திகளுக்கு உடன்பிறப்பாய் நின்றது. அக்கட்டுரையின் வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு குறுமுனை எலும்பின் விளிம்பு வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று அத்தனை மீன்களிலும் பார்த்த பொறுமைக்கு, நம் உரையாசிரியர்களுள்ளும் சிலரையே இணைசொல்ல முடியும்.

அவர்கள் முடிபு முடிந்த முடிபா? அன்று. மரபணுவைக் கொண்டு வரைந்த மரங்கள் சில, மின்விலாங்கை வேறு கிளையில் வைக்கின்றன. ஒன்றோடொன்றும் அவை முரண்படுகின்றன. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மரபணு வந்துவிட்டதே, இனி எலும்பு எதற்கு என்று கேட்போர் உண்டு. 'சிறந்தது எலும்பா, மரபணுவா' என்று நாம் பட்டிமன்றம் வைக்கலாம். மீனுக்கு அதனால் பயனில்லை. கல்லாய்ப்போன பழமீனில் மரபணு ஏது? அங்கே பேசுவது எலும்பு ஒன்றே. இரண்டு சான்றும் ஒத்துப் பேசிய வழக்கு ஒன்று அண்மையில் நம் அண்டை மண்ணிலேயே நடந்தது. கேரளத்தில் 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்பின் வயல்நீரில் ஒரு விந்தை மீன் வெளிப்பட்டது. நிலத்தடி நீரில் வாழும் மீன் அது. நீண்ட மெல்லுடல், கண்டவர் விலாங்கு வகை என்றே சொல்லக்கூடும். ரால்ஃப் பிரிட்சும் இந்திய ஆய்வாளர்களும் 2019இல் அதை விராலின் உறவினமாக விவரித்தனர். எனினும் விராலுக்குச் செவுள்மேல் உள்ள, காற்றைச் சுவாசிக்கும் அறை அதற்கு இல்லை. உடற்பகுதி முள்ளெலும்புகளும் குறைவு. எலும்பும் மரபணுவும் ஒருசேரச் சொன்னதைக்கொண்டு 2020இல் அதற்குத் தனிக் குடும்பமே வகுத்தனர்.

இனி அந்தக் கவிதை. பிழையை உணர்ந்த மறுநாளே கவிஞரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சற்றுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "கண்ணைக் கயல் என்கிறோமே, அதுவும் பொய்தானே, அம்மா?" என்றார். நான் சொன்னேன்: "இல்லை ஐயா. கண்ணைக் கயல் என்றவர் கண்ணும் கயலும் ஒருவயிற்றில் பிறந்தன என்று சொல்லவில்லை. போல இருக்கிறது என்றார், போலத்தான் இருக்கிறது. ஆரல் விலாங்கு போன்றது என்று நீங்கள் பாடியிருந்தால் விலங்கியலாரும் தலையசைப்பர். உடன்பிறந்தாள் என்று பாடிவிட்டீர்கள். உவமைக்குக் கண் போதும்; உறவுக்குப் போதாது." இதை அவர் ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. கவிதையில் உடன்பிறப்பு என்பதும் ஓர் உவமைதான் என்று அவர் வாதிடக்கூடும். அதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கட்டுரை உவமையாக அதை எழுதவில்லை, விளக்கமாக எழுதிற்று. ஆகவே அதை இவ்வவையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மலர்க் குழுவினர் இத்திருத்தத்தை அச்சிடுவதாக இசைந்துள்ளனர்: ஆரல், முதுகில் முள்வரிசை உடைய நன்னீர் மீன், விலாங்கன்று.

மாலைக் கவியரங்கில் கவிஞர் அதே கவிதையைப் படிக்கவிருப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. திருத்தினாரா, திருத்தவில்லையா என்பதை உங்களோடு அமர்ந்து நானும் அப்போதுதான் அறிவேன்.